ரோமில் மூன்று நாள்: எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது: அக்டோபரில் அப்பா, அம்மாவோடு மூன்று நாள் ரோமில் இருக்கப் போகிறார். அப்பா பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு. அம்மாவுக்குத் தோட்டம்தான் உயிர், பழைய கட்டடங்களில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஏற்கெனவே போய்வந்த உறவினர்கள், "எல்லாம் உடைஞ்ச கல்லுதான், அரை நாள்ல அலுத்துடும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் போவது?

நான் அந்த ஊரில் ஒன்பது வருடம் குடியிருந்தவன். சொந்தக்காரர்கள், நண்பர்களின் பெற்றோர் என்று பலரைக் கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன். உங்கள் உறவினர்களுக்கு ஏன் அலுத்தது என்பது எனக்குப் புரிகிறது. அவர்கள் தொடங்கிய இடம் சரியில்லை.

பெரும்பாலானோர் முதல் நாள் காலையிலேயே நேராகக் கொலோசியத்துக்குப் போவார்கள். ஃபோரமும் பலத்தீன் குன்றும் அதே டிக்கெட்டில் சேர்ந்து வருவதால், உச்சி வெயிலில் அங்கே நுழைவார்கள். ஃபோரம் என்பது பழைய ரோமின் நடுமுற்றம். கோயில், நீதிமன்றம், சட்டமன்றம், கடைவீதி எல்லாம் அங்கேதான் இருந்தன. ஆனால் ரோமிலேயே பார்த்துப் புரிந்துகொள்ளக் கடினமான இடமும் அதுதான். ஆயிரம் வருடத்துக்கு மேல் கட்டியதும் இடித்ததும் எரிந்ததும் திரும்பக் கட்டியதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மூன்று தூண் நிற்கும். பக்கத்தில் உள்ள அஸ்திவாரம் வேறொரு நூற்றாண்டு. காலடியில் அழிந்துபோன கோலத்தைக் காட்டிப் புள்ளி எத்தனை என்று கேட்டால் யார்தான் சொல்ல முடியும்?

ஆகவே முதலில் சான் கிளெமென்தே சர்ச்சுக்குப் போங்கள். கொலோசியத்திலிருந்து கிழக்கே பத்து நிமிடம்கூட நடக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே நுழைந்தால் 12ஆம் நூற்றாண்டுச் சர்ச்சு. பீடத்துக்கு மேலே தங்கப் பின்னணியில் சிலுவையிலிருந்து கொடிகள் சுருள் சுருளாகப் படரும் மொசைக். அம்மா அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார். அதுவரை இலவசம். பக்கவாட்டில் ஒரு வாசல் இருக்கிறது, அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு படி இறங்க வேண்டும்.

இறங்கினால் கீழே இன்னொரு சர்ச்சு. அது 4ஆம் நூற்றாண்டுக்குரியது. மேலே உள்ள சர்ச்சு, இதன் சுவர்களையும் தூண்களையும் மண் கொட்டி நிரப்பி, அதையே அஸ்திவாரமாக்கி எழுப்பியது. கீழ்ச் சர்ச்சு இருந்ததே பல நூற்றாண்டுகளாக யாருக்கும் நினைவில்லை. 1857இல் அங்கிருந்த அயர்லாந்துத் துறவி ஜோசப் முல்லூலி தோண்டிப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. அங்கே ஒரு சுவரோவியம் உண்டு. சிசின்னியஸ் என்கிற பணக்காரர், கிளெமென்ட் பாதிரியாரைக் கட்டி இழுத்துப் போகும்படி வேலைக்காரர்களை ஏவுகிறார். அவர்களோ கண் மயங்கி, பாதிரியார் என்று நினைத்து ஒரு கல்தூணைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். சிசின்னியஸ் அவர்களைத் திட்டும் வசவு அவர் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. லத்தீனில் அல்ல, தெருவில் ஜனங்கள் பேசிய மொழியில். இத்தாலிய மொழியை எழுத்தில் காணக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று.

இன்னும் ஒரு தளம் இறங்குங்கள். இப்போது நீங்கள் நிற்பது முதலாம் நூற்றாண்டு ரோமின் தெருமட்டம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆள் ஒருவர் போகும் அகலத்தில் ஒரு சந்து. ஒரு பக்கம் பெரிய பெரிய எரிமலைக்கல் பாளங்களால் ஆன சுவர், எதிர்ப்பக்கம் செங்கல் வீடு. அந்த வீட்டுக்குள் குகை போலத் தாழ்வான கூரையோடு ஓர் அறை. இருபுறமும் திண்ணை, நடுவில் காளையைக் குத்தும் மித்ராஸ் கடவுள் செதுக்கிய பலிபீடம். கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். நான் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தத்துக்காகவே போவேன். அந்தத் தண்ணீர் தேங்கித் தளமே மூழ்கிக் கிடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கக் கால்வாய் வெட்டி, ரோமின் பழைய பெருஞ்சாக்கடையான குளோவாக்கா மாக்சிமா பக்கம் வடித்துவிட்டார்கள்.

மேலே ஏறி வந்து வாசலில் நிற்கும்போது அப்பா ஒரு கேள்வி கேட்பார், இன்ஜினியர் கேட்காமல் இருக்க மாட்டார்: "இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது?" அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மூன்று நாளும் நகரம் தானாகவே விளங்கும்.

மண் பல வழியில் வந்தது. டைபர் ஆறு அடிக்கடி கரை புரண்டு வண்டலை விட்டுப் போனது. தீ விபத்துகள் அடிக்கடி. இடிந்த வீட்டின் குப்பையை அகற்றுவதைவிட அங்கேயே சமன்படுத்தி மேலே கட்டுவது எளிது. ஜனத்தொகை குறைந்த நூற்றாண்டுகளில் கூரைகள் விழுந்து, சுவர்கள் விழுந்து, குன்றுகளிலிருந்து மழை இறக்கிய மண் மூடியது. நவீன ரோம் பழைய ரோமின் பக்கத்தில் இல்லை, அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. கீழே உள்ளதில் எதைத் தொடர்ந்து பயன்படுத்தினார்களோ அது முழுசாகப் பிழைத்தது. கைவிட்டதைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்தார்கள். பளிங்குச் சிலைகளும் தூண்தலைப்புகளும் வெந்து காரையாகி வேறு வீடுகளில் பூசப்பட்டன. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பாருங்கள்.

கொலோசியத்துக்கு முதல் நாள் பிற்பகல் நேரத்தில் டிக்கெட் எடுங்கள். அரசுத் தொல்லியல் பூங்காவின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், சுமார் ஒரு மாதம் முன்னால்தான் திறப்பார்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள். என் நண்பர் ஒருவர் ஓர் இடைத்தரகுத் தளத்தில் இரட்டை விலை கொடுத்து, வாசலில் பெயர் பொருந்தாமல் குடும்பத்தோடு திரும்பி வந்தார். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். 24 மணி நேர டிக்கெட் என்றால் கொலோசியத்தை மாலையிலும் ஃபோரத்தை மறுநாள் காலையிலும் பார்க்கலாம். முழங்கால் வலிக்காரருக்கு இது பெரிய நிம்மதி. கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. சான் கிளெமென்தேயிலிருந்து வரும் வழியில், தெருவோரப் பள்ளத்தில் அரை வட்டமாக ஓர் இடிபாடு தெரியும். அது கிளாடியேட்டர்களின் பயிற்சிக்கூடம், 1937இல் கண்டுபிடித்தது. மறுபாதி இன்னும் தெருவுக்கும் வீடுகளுக்கும் அடியில் கிடக்கிறது.

கொலோசியத்தின் வரலாறு எங்கும் கிடைக்கும்; பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, கி.பி. 80இல் அவர் மகன் டைட்டஸ் திறந்தது. நான் மூன்று விஷயம் மட்டும் காட்டுகிறேன். வடக்கே மெட்ரோ வாசல் பக்கம் உள்ள வெளிச்சுவரில், கீழ்த்தட்டு வளைவுகளுக்கு மேலே ரோமானிய எண்கள் வெட்டியிருக்கும். மொத்தம் 80 வாசலில் முக்கியமான நான்கைத் தவிர மற்றவற்றுக்கு எண் இருந்தது. இன்று நிற்பவை 23 முதல் 54 வரை. அனுமதிச் சீட்டைப் பார்த்து இந்த எண்ணைத் தேடித்தான் ஜனங்கள் நுழைந்தார்கள். இரண்டாவது, கல் முழுக்கக் குழி குழியாக இருக்கும். கற்களை இணைத்த இரும்புக் கவ்விகளைப் பின்னாளில் இரும்புக்காகத் தோண்டி எடுத்த தழும்புகள் அவை. மூன்றாவது அப்பாவுக்கு: கிழக்குக் கோடியில், வெளிச்சுவர் அறுந்து நிற்கும் இடத்தில் ஒரு பெரிய செங்கல் முட்டுச்சுவர். 1806, 1807இல் ரஃபயேலே ஸ்தெர்ன் கட்டியது. நிலநடுக்கத்தில் வளைவுக் கற்கள் நழுவிக் கீழே விழத் தொடங்கியிருந்தன. அவர் அவற்றைத் தூக்கி நேராக வைக்கவில்லை. நழுவிய நிலையிலேயே சுற்றிலும் செங்கல் அடைத்துவிட்டார். இருநூறு வருடமாக அந்தக் கற்கள் விழுகிற பாதியில் நிற்கின்றன. ரோமில் நான் மிகவும் மதிக்கும் பழுதுபார்ப்பு அதுதான்.

அம்மாவுக்கும் கொலோசியத்தில் ஒரு கதை உண்டு. 1855இல் ரிச்சர்ட் டீக்கின் என்கிற ஆங்கிலேய மருத்துவர் இந்த இடிபாட்டில் மட்டும் 420 வகைச் செடிகொடிகள் முளைத்திருப்பதாகப் பட்டியல் போட்டார். புல், கொடி, பூச்செடி, அத்தி எல்லாம் சேர்த்து. இத்தாலி ஒன்றான பிறகு, 1870களில் தொல்லியல் துறை எல்லாவற்றையும் வழித்துச் சுத்தம் செய்துவிட்டது. கட்டடத்துக்கு நல்லதுதான், வேர் சுவரைப் பிளக்கும். ஆனாலும் அந்தத் தொங்கும் தோட்டத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

மறுநாள் காலை, கதவு திறந்தவுடன் ஃபோரம். உள்ளே போகும் பாதை கருங்கல் பாளங்கள் மேடுபள்ளமாகப் பதித்தது. அப்பாவுக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். அந்தோனைனஸ், ஃபாஸ்தீனா கோயிலுக்கு நேராகப் போங்கள். பேரரசர் அந்தோனைனஸ் பயஸ் இறந்துபோன மனைவிக்காகக் கி.பி. 141இல் எழுப்பிய கோயில். முகப்பில் பெயர் இரண்டு வரியாக இருக்கும். கீழ்வரிதான் முதலில் வெட்டியது, மனைவி பெயர். இருபது வருடம் கழித்து அவரும் இறந்ததும் மேல்வரியில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

ஒவ்வொன்றும் 17 மீட்டர் உயரமுள்ள தூண்கள். அவற்றுக்குப் பின்னால் பாருங்கள்: ஒரு சர்ச்சின் கதவு தெரியும். ஆனால் அது படிக்கட்டின் மட்டத்தில் இல்லை, பல மீட்டர் உயரத்தில், ஏறிப் போக வழியே இல்லாமல் தொங்குகிறது. கட்டியவர்களின் கணக்கில் தவறில்லை. கோயிலைச் சர்ச்சாக்கி, 1602இல் இந்த முகப்பை வைத்தபோது தரை அங்கேதான் இருந்தது. ஃபோரம் முழுவதும் அந்த உயரம்வரை மண் மூடி, மேலே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்துக்குப் பெயரே மாட்டு மைதானம், காம்ப்போ வச்சீனோ. பிறகு மண்ணை அள்ளியபோது தரை இறங்கியது, கதவு மேலேயே நின்றுவிட்டது. நேற்று சான் கிளெமென்தேயில் நீங்கள் படி இறங்கிப் பார்த்ததை இங்கே வெளிச்சத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள்.

அதே பக்கம் சற்றுத் தள்ளி உயரமான செங்கல் கட்டடம், சட்டமன்றம் கூடிய கூரியா. 7ஆம் நூற்றாண்டில் அதுவும் சர்ச்சானது, அதனால்தான் கூரையோடு நிற்கிறது. சுவரின் செங்கல்லைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நம் ஊர்ச் செங்கல்லைவிட மெலிந்து, அகலமாக இருக்கும். அது முகத்துக்கு மட்டும்தான். உள்ளே சுண்ணாம்பும் எரிமலை மண்ணும் கல்சல்லியும் சேர்த்து இறுக்கிய கான்கிரீட். செங்கல்லுக்கு மேலே ஒரு காலத்தில் பளிங்குப் பலகையோ பூச்சோ இருந்தது. ரோமில் நீங்கள் பார்க்கும் சிவந்த சுவர்கள் பெரும்பாலும் இப்படி மேல்தோல் உரிந்தவைதான். இது தெரியாமல் பார்த்தால் ரோமானியர்கள் பூசாமல் விட்டுவிட்டார்கள் என்று தோன்றும்.

நமக்கென்று ஒரு இடம் ஃபோரத்தில் உண்டு. மூன்று மாபெரும் வளைவுகளோடு நிற்கும் மாக்சென்டியஸ் பசிலிகா என்கிற பெருமண்டபம். அதன் அடியில் இருப்பது பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. ஹொர்ரேயா பிப்பெரட்டாரியா என்று பெயர். மிளகுக்கு அவர்கள் சொன்ன பிப்பெர் என்கிற சொல்லே நம் திப்பிலிக்கு உறவு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறியைச் சங்கப் பாட்டு பாடுகிறது அல்லவா, அந்த மிளகு வந்து இறங்கிய ஊரில் அதைப் பூட்டி வைத்த இடம் இது. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ட்டியஸ் நாணயத்தை உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வருந்தி எழுதியதும் இந்த வியாபாரத்தைப் பார்த்துத்தான். அந்தக் காசில் ஒரு பகுதி கோவை வெள்ளலூரில் பானையோடு கிடைத்தது. கி.பி. 192இல் இந்தப் பகுதியில் பெருந்தீ பிடித்தது. பக்கத்துக் கிடங்கு ஒன்றில் மருத்துவர் காலென் பத்திரப்படுத்தியிருந்த மருந்துகளும் சுவடிகளும் எரிந்து போயின. அங்கே நிற்கும்போது எனக்கு எப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். சேர நாட்டு மலையில் ஒருவர் பறித்துக் காயவைத்த மிளகு இந்த மண்ணுக்கு வந்திருக்கிறது.

பலத்தீன் குன்றை நீங்கள் விட்டுவிடலாம். ஏறுவதற்குச் சிரமம், புரிந்துகொள்ள ஃபோரத்தைவிடக் கடினம். அதற்குப் பதில் மாலையில் கப்பிட்டோல் குன்றின் நகர மன்றக் கட்டடத்துக்குப் பின்னால், இரு பக்கமும் உள்ள கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று ஃபோரத்தை மேலிருந்து பாருங்கள். காசு கிடையாது. காலையில் பார்த்த தொங்கும் கதவு அங்கிருந்து தெரிகிறதா என்று அப்பாவைத் தேடச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் மதியம் ஓய்வெடுத்துவிட்டு, நகரத்துக்குள் ஒரு நடை. இதுதான் என் விருப்பமான பகுதி, ஏனென்றால் இங்கே வேலியும் பலகையும் குறைவு. லார்கோ அர்ஜெந்தீனாவில் தொடங்குங்கள். பஸ்களும் டிராமும் சுற்றிவரும் சதுக்கத்தின் நடுப்பள்ளத்தில் நான்கு பழைய கோயில்கள். 1920களில் வீடுகளை இடித்தபோது வெளிப்பட்டவை. 2023இலிருந்து நடைமேடை போட்டு ஜனங்களை உள்ளே அனுமதிக்கிறார்கள், சக்கர நாற்காலியும் போகும். வட்டக் கோயிலுக்குப் பின்னால் மண்ணிறக் கற்பாளங்களாக ஓர் அஸ்திவாரம் தெரியும். தளபதி பாம்ப்பேயுஸ் கட்டிய மன்றம். கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றது அங்கேதான், பலர் நினைப்பதுபோல ஃபோரத்தில் அல்ல. இப்போது அந்தக் கல்மேல் பூனைகள் வெயில் காய்கின்றன. அவற்றுக்கென்று ஒரு காப்பகமே அங்கே நடக்கிறது.

அந்த மன்றம் தனிக் கட்டடம் இல்லை. பாம்ப்பேயுஸ் கி.மு. 55இல் திறந்த பெரிய நாடக அரங்கு, அதற்கு முன்னே தோட்டம், தோட்டத்தின் கடைசியில் மன்றம் என்று எல்லாம் ஒரே வளாகம். அரங்கு எங்கே என்று தேடினால் ஒரு கல்லும் தெரியாது. மேற்கே சில நிமிடம் நடந்து வியா டி குரோட்டா பிந்தா என்கிற சின்னத் தெருவுக்குள் போங்கள். வீடுகள் நேராக நிற்காமல் அரை வட்டமாக வளைந்து நிற்கும். துணி காயும் ஜன்னல், சைக்கிள், தபால்பெட்டி எல்லாம் அந்த வளைவிலேயே. ரசிகர்கள் உட்கார்ந்த படிவரிசையின் உள்வளைவு அது. அதன்மேல் வீடு கட்டியவர்கள் பழைய சுவரையே அஸ்திவாரமாக எடுத்துக்கொண்டதால், அரங்கு போன பிறகும் அதன் வடிவம் போகவில்லை. நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்று திரும்பிப் பாருங்கள். அடுத்து பியாட்சா நவோனா. அது ஏன் இவ்வளவு நீளமாக, ஒரு கோடியில் வளைந்து இருக்கிறது என்பதை இனி நான் சொல்ல வேண்டாம். டொமிஷியனின் ஓட்டப்பந்தய மைதானம்.

அங்கிருந்து பாந்தியன். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், 2023 ஜூலையிலிருந்து கட்டணம் உண்டு. உள்ளே போகும் முன், பின்புறம் உள்ள சாந்தா மரியா சோப்ரா மினெர்வா சர்ச்சின் முகப்பில் வலது ஓரத்தைப் பாருங்கள். சின்னச் சின்னக் கல்வெட்டுகள், சிலவற்றில் விரல் சுட்டும் கை, படகு. ஒவ்வொரு வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று குறித்தவை. 1598ஆம் ஆண்டுக் குறிதான் எல்லாவற்றுக்கும் மேலே, நம் தலைக்கு மேலே நிற்கிறது. 1870 வெள்ளத்துக்குப் பிறகுதான் ஆற்றுக்கு உயரமான கரைச்சுவர் எழுப்பினார்கள். அந்தக் குறிகளைப் பார்த்துவிட்டுப் பாந்தியன் முன் வந்தால், சதுக்கம் ஏன் கட்டடத்தை நோக்கிச் சரிகிறது என்பது புரியும். ஒரு காலத்தில் படி ஏறித்தான் உள்ளே போனார்கள்.

அப்பாவுக்கு இங்கே ஒரு மணி நேரம் விட்டுக் கொடுங்கள். உள்விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளைவரை உயரமும் அதேதான். ஒரு முழு உருண்டையை உள்ளே வைக்கலாம். ஒரு கம்பிகூட இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் உலகிலேயே பெரியது. எப்படி நின்றது? கீழே கனமான கல்சல்லி, மேலே போகப் போக லேசான சல்லி, உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல். தடிமனும் அடியில் ஆறு மீட்டர், உச்சியில் ஒன்றே கால் மீட்டருக்குக் குறைவு. உள்ளே தெரியும் குழிச்சதுரங்கள், வரிசைக்கு 28 வீதம் ஐந்து வரிசை, எடையைக் கொஞ்சம் குறைக்கும். வெளிச்சுவரைச் சுற்றி வந்தால் செங்கல்லுக்குள்ளேயே பெரிய வளைவுகள் புதைந்திருப்பது தெரியும். பாரத்தைப் பிரித்து இறக்குவதற்கு. தரை நடுவில் சின்னத் துளைகள் உண்டு, மேலிருந்து விழும் மழைத்தண்ணீர் அதில் இறங்கிவிடும்.

முகப்பில் "லூசியஸ் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா கட்டினான்" என்று பெரிதாக எழுதியிருக்கும். நெடுங்காலம் அதை அப்படியே நம்பினார்கள். 1890களில் ஜார்ஜ் ஷெதான் என்கிற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சுவரிலும் குவிமாடத்திலும் இருந்த செங்கற்களின் முத்திரையைப் படித்தார். சூளைக்காரர்கள் செங்கல்லில் பெயரும் சில சமயம் அந்த ஆண்டின் கான்சல்கள் என்கிற தலைமை அதிகாரிகளின் பெயரும் அச்சிடுவது வழக்கம். கிடைத்தவை பேரரசர் ஹேட்ரியன் காலத்தவை, அக்ரிப்பாவுக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவை. எரிந்துபோன கோயிலைப் புதிதாகக் கட்டிவிட்டு, பழையவரின் பெயரையே முகப்பில் விட்டிருக்கிறார்கள். கி.பி. 609இல் இது சர்ச்சாக மாறியது. அதனால்தான் கதவு, கூரை, தரை எல்லாவற்றோடும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் பியாட்சா டி பியெத்ரா வழியாகப் போங்கள். ஹேட்ரியன் கோயிலின் 11 தூண்கள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன்சுவராக நிற்கும். பிறகு திரேவி நீரூற்று. அங்கே கூட்டம் அதிகம், பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீரூற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது மேலே சொன்ன அதே அக்ரிப்பா கி.மு. 19இல் கொண்டுவந்த கால்வாயின் வழி. அந்தக் கால்வாயையே பார்க்க வேண்டுமா? வியா தெல் திரித்தோனே தெருவில் ரினாஷெந்தே பல்பொருள் அங்காடிக்குள் நுழைந்து கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். பாத்திரமும் விளக்கும் விற்கும் அலமாரிகளுக்கு நடுவே கால்வாயின் கல்வளைவுகள் வரிசையாக நிற்கும். கடையைப் புதுப்பிக்கத் தோண்டியபோது கிடைத்ததை அங்கேயே காட்சிக்கு வைத்துவிட்டார்கள். கட்டணம் இல்லை, உள்ளே லிஃப்டும் கழிப்பறையும் உண்டு. பெற்றோரோடு நடக்கும்போது இந்தத் தகவல் முக்கியம். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம்; தெருமுனைகளில் மூக்குக்குழாய் வைத்த வார்ப்பிரும்புக் குழாய்கள் ஊர் முழுக்க உண்டு, நாசோனி என்பார்கள். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளையில் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

மூன்றாம் நாளுக்கு ஓஸ்தியா அந்திகா போகலாமா என்று பலர் கேட்பார்கள். ரோமின் பழைய துறைமுக ஊர், அருமையான இடம், பிரமிட் மெட்ரோ பக்கத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம். ஆனால் முழு நாள் நடை. முழங்கால் வலியோடு மூன்றாம் நாளில் வேண்டாம். நகரத்துக்குள்ளேயே இருங்கள்.

காலையில் மெட்ரோவில் சான் ஜொவான்னி நிலையத்துக்குப் போய், சி வழித்தடத்துக்கு இறங்குங்கள். 2018இல் திறந்த நிலையம். இறங்க இறங்கச் சுவரில் இந்த ஆழத்தில் இந்தக் காலம் என்று குறித்திருக்கும். தோண்டும்போது கிடைத்தவை கண்ணாடிக்குள் இருக்கும். இங்கே கிடைத்தது அரண்மனை இல்லை, ஒரு விவசாயப் பண்ணை. பெரிய பாசனத் தொட்டி, தண்ணீர்க் குழாய்கள், பீச் பழக் கொட்டைகள். பீச் அப்போதுதான் இத்தாலிக்கு வந்து பழகிக்கொண்டிருந்த புது மரம். இதே தடத்தின் அடுத்த நிலையத்துக்குத் தோண்டியபோது 2016இல் ஒன்பது மீட்டர் ஆழத்தில் ஹேட்ரியன் காலத்துப் படைவீரர் குடியிருப்பு வந்தது, 39 அறைகள். ரோமில் மெட்ரோ வேலை ஏன் முடிவதே இல்லை என்று ஊர்க்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். கடப்பாரை போடும் இடத்திலெல்லாம் யாரோ ஒருவரின் வீடு வருகிறது, என்ன செய்வது?

கடைசியாக, தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே பலாட்சோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகம். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதற்கேற்ப நாளை மாற்றிக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்துச் சிலைகளை அவசரமாகக் கடந்து லிஃப்டில் மேல்தளம் போங்கள். அங்கே ஓர் அறையின் நான்கு சுவரும் தோட்டம். பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டில், வெயிலுக்கு ஒதுங்கப் பாதி நிலத்தடியில் கட்டியிருந்த அறையின் சுவரோவியம். 1863இல் கிடைத்தது, பிறகு சுவரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அதே அளவில் இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். தாழ்வான வேலி, அதற்கு அந்தப்பக்கம் நீலநிற மூட்டத்தில் மரங்கள், கிளைகளில் பறவைகள், காற்றடித்தால் இலையின் அடிப்பக்கம் திரும்பித் தெரிவது வரை தீட்டியிருக்கிறார்கள். எல்லாப் பருவத்துப் பூவும் பழமும் ஒரே நேரத்தில் பூத்தும் காய்த்தும் இருக்கும். பெயர்ப்பலகையைப் படித்துக் காட்ட அவசரப்படாதீர்கள். மாதுளை, அரளி, ரோஜா என்று அம்மாவே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார்.